யார் பெயரில் படித்தோம்?
பிறர் பிள்ளைகளைப் படிப்பித்த இருநூறு ஆண்டுகள்

எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில், சங்கத்தின் உதவு நிதியைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரை ஒன்று மலரில் இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். கட்டடங்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளுக்குக் கேடயங்கள் இருக்கின்றன. வசதியில்லாத ஒரு பிள்ளையின் பஸ் காசுக்கும் சப்பாத்துக்கும் கொடுத்த பணத்துக்கு அப்படியொரு அடையாளமும் இல்லை. ஆகவே இந்த வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, எமது நிதியின் கதையை அதற்கு முந்திய கதையோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும் என்பதை உணர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் பிறர் கொடுத்த காசில் பிள்ளைகள் படிப்பது இருநூறு ஆண்டுப் பழக்கம். கொடுத்தவர் யார், கொடுத்ததற்குப் பதிலாக என்ன கேட்டார் என்பதே அந்தப் பழக்கத்தின் வரலாறு.

அதற்கு முன்னர் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஏடு தொடக்கிய பிள்ளையின் வீட்டார் சட்டம்பியாருக்கு நெல்லும் காய்கறியும் கொடுத்தனர். நவராத்திரியிலும் வருடப்பிறப்பிலும் வேட்டியும் கைவிசேடமும் கொடுத்தனர். கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும், கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளப்படாத சாதியில் பிறந்த பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடமிருக்கவில்லை. பெண்பிள்ளைகளோ மிகச் சிலரே எழுத்தறிந்தனர்.

பெயர் மாறிய பிள்ளைகள்

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி ஆரம்பமானது. 1824 இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. இந்த விடுதிகளில் பிள்ளைகளுக்குச் சோறு, உடுப்பு, படுக்கை, புத்தகம் யாவும் இலவசம். பெண்பிள்ளைகளை இடையில் நிறுத்தாமல் படிக்கவிட வேண்டும் என்பதற்காக, படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணம் செய்யும் பெண்களுக்குச் சிறு சீதனமும் மிஷன் கொடுத்தது. பெண்ணைப் படிப்பித்தால் அவளை யார் கட்டுவார் என்று கேட்ட ஊருக்கு, ஊருக்குத் தெரிந்த பாஷையிலேயே கொடுக்கப்பட்ட மறுமொழி அது.

இவற்றுக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்காவின் சபைகளிலிருந்தும், பெண்கள் கூடி நடத்திய சிறு சங்கங்களிலிருந்தும், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் உண்டியலிலிருந்தும் வந்தது. ஆண்டொன்றுக்கு ஒரு குறிப்பிட்ட தொகையைக் கொடுப்பவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையைத் தமது பொறுப்பில் படிப்பிக்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமையும் அவருக்கு உண்டு. தமது பெயர், இறந்துபோன மகனின் பெயர், தமது சபைப் போதகரின் பெயர் என்று எதையும் தெரிவுசெய்யலாம். பொஸ்ரனிலிருந்து வந்த மிஷன் சஞ்சிகையில் நன்கொடைப் பட்டியல் அச்சாகும். இன்ன ஊரார் இலங்கையில் இன்ன பெயருள்ள பிள்ளைக்காக இவ்வளவு என்று அதில் இருக்கும். இன்று உலகெங்கும் அனுசரணை என்ற பெயரில் ஒரு கொடையாளருக்கு ஒரு பிள்ளை என்று நடத்தப்படும் முறையின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று எமது குடாநாட்டில்தான் நடந்திருக்கிறது.

அந்தப் பெயர்கள் இன்றும் எம்மிடையே இருக்கின்றன. நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளையை நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்றே வரலாறு அறியும். அவருடைய மகன் நெவின்ஸ் செல்வத்துரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராக நீண்டகாலம் இருந்தார். அமெரிக்கப் பெயரொன்று சைவப் பாடசாலையொன்றின் அதிபர் பெயரில் தொடர்ந்தது யாரும் திட்டமிடாத ஒரு வேடிக்கை. பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. நைல்ஸ் என்ற பெயர் தலைமுறைகளாகத் தொடர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் உலகத் திருச்சபை அரங்கில் அறியப்பட்ட டி. ரி. நைல்ஸ் வரை வந்தது.

அந்தக் காசு வீண்போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857 இல் தேறிய இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஏட்டுச் சுவடியில் மறைந்து கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவர் தாமோதரம்பிள்ளை. பின்னாளில் அவரே ஏழாலையில் சைவப் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையைத் தொடங்கினார். தான் படித்த கடனைக் கொடையாளரிடம் திருப்பிச் செலுத்தாமல் அடுத்த பிள்ளைக்குச் செலுத்தியவர் அவர். எமது நிதி இன்றும் பின்பற்றும் வழி அதுதான்.

ஆனால் பெற்றோர் வைத்த பெயரைக் கொடுத்துவிட்டுப் படிப்பை வாங்குவது சிறிய விலையல்ல. பெயர்மாற்றம் அந்தப் பிள்ளையின் வீட்டில் எவ்வாறு கேட்டிருக்கும்? மாலையில் படலையடியில் நின்று தாய் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்? ஏட்டில் இதற்கு விடை இல்லை. கொடையாளர் எழுதியவை அச்சில் இருக்கின்றன. பிள்ளைகள் கொடையாளருக்கு எழுதிய நன்றிக் கடிதங்களிலும் சில இருக்கின்றன. பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொண்டது எங்கும் இல்லை.

நின்றுபோன காசு

தூரத்திலிருந்து வரும் காசுக்கு இன்னொரு இயல்பு உண்டு. அனுப்பும் நாட்டில் மழை பெய்தால் இங்கே குடை பிடிக்க வேண்டும். 1837 இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. மிஷனுக்கு வந்துகொண்டிருந்த பணம் குறைக்கப்பட்டது. அதன் விளைவாக யாழ்ப்பாணத்தில் மிஷன் நடத்திய கிராமப் பள்ளிகளில் பெருந்தொகையானவை மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நியூயோர்க்கில் வங்கி முறிந்ததால் அளவெட்டியிலோ சங்கானையிலோ ஒரு பிள்ளையின் படிப்பு நின்றதற்கு அந்தப் பிள்ளை எந்த வகையிலும் பொறுப்பல்ல.

1855 இல் வந்தது வேறுவிதமான அடி. இம்முறை காசு குறையவில்லை, கொடுப்பவர்களின் கொள்கை மாறியது. ஆங்கிலக் கல்வி மதப்பணிக்கு உதவவில்லை, ஊர்மொழிக் கல்வியே போதும் என்று பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழு கருதியது. வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அங்கே படித்தவர்களும் ஊரவர்களும் சும்மா இருக்கவில்லை. முயன்று பணம் சேர்த்து, 1872 இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்குவதற்கு வழிசெய்தனர். பழைய மாணவர்கள் ஒன்றுகூடித் தமது பள்ளிக்கு உயிர்கொடுத்த வரலாறு எமது சங்கம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இங்கே எழுதப்பட்டுவிட்டது.

இந்தக் காலம் முழுவதும் உடுவிலில் ஒருவர் அசையாமல் இருந்தார். 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். ஒருதடவைகூடத் தாயகம் திரும்பாமல் 1883 இல் யாழ்ப்பாணத்திலேயே கண்மூடினார். தம்மிடம் படித்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர் கற்பித்ததால் ஆயிரம் பெண்களின் தாய் என்று அழைக்கப்பட்டார். அவர் வந்த காலத்தில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் ஓய்வுபெற்ற காலத்தில் கட்டணம் கட்டி அனுப்பப் பெற்றோர் முன்வந்தனர். படித்த தாய் தன் மகளைப் படிப்பிக்காமல் விடமாட்டாள் என்பதை யாழ்ப்பாணம் கண்ணால் கண்டது அப்போதுதான். ஒரு பெண்பிள்ளைக்குச் செலவிட்ட காசு அவளோடு முடிவதில்லை என்று நாம் இன்று மேடைகளில் சொல்வதற்கு அந்த நாற்பது ஆண்டுகளே சாட்சி.

பிடியரிசி

கடல் கடந்து வந்த காசுக்கு மறுமொழியாக ஊருக்குள்ளிருந்து எழுந்தது சைவக் கல்வி இயக்கம். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இலவசமாகக் கற்பித்தார், பாடப்புத்தகங்களைத் தாமே எழுதி, அச்சுக்கூடம் நிறுவி அச்சிட்டார். 1888 இல் சைவபரிபாலன சபையும், 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் தோன்றின. பின்னையது நூற்றுக்கு மேற்பட்ட ஊர்ப் பாடசாலைகளை நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். அதற்கு முன்னரே, 1896 இல், சுண்டிக்குளி மகளிர் கல்லூரி தொடங்கியிருந்தது. பெண்கல்வி ஒரு மதத்தாரின் சொத்தாக இல்லாமல் போட்டியாகவே வளர்ந்தது. அந்தப் போட்டியில் நன்மை அடைந்தவர்கள் பெண்பிள்ளைகள்.

இராமநாதன் போன்ற செல்வந்தரின் பெயர் கல்லில் இருக்கிறது, அது தகும். ஆனால் ஊர்ப் பள்ளிகளில் பல இன்னொரு வகைக் கொடையால் நின்றன. ஒருவர் இரண்டு பரப்புக் காணியை எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் பனைமரம் தறித்துத் தந்தார். கிடுகு பின்னியவர்கள் கூரைக்குக் கொடுத்தனர். காசாகக் கொடுக்க இல்லாத வீட்டுப் பெண்கள், உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து ஒரு முட்டியில் போட்டுவைத்தனர். வாரமொரு முறை அதைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். அதுதான் பிடியரிசி. முட்டிகள் ஒன்றாகக் கொட்டப்பட்ட பிறகு யாருடைய பிடி எது என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த அரிசியால் நின்ற பள்ளியில் படித்த பிள்ளை எந்த வீட்டுக்கும் தனியாகக் கடன்பட்டதில்லை. ஊருக்குப் பொதுவாகக் கடன்பட்டது.

வாங்கில் இடம்

ஊர் என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பல பள்ளிகளின் கதவே திறக்கவில்லை. திறந்த இடங்களிலும் சில பள்ளிகளில் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, இவர்கள் நிலத்தில் அல்லது வெளியே இருக்க வேண்டியிருந்தது. அரசின் உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற விதி 1930 ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தபோது குடாநாட்டில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. சில இடங்களில் பள்ளிகளே எரிக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட மக்களின் சங்கங்களும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற அமைப்புகளும் சம ஆசனத்துக்காகக் குரல்கொடுத்தன.

இதை நூற்றாண்டு மலரில் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். எமது சங்கம் பிறந்த காலம் அதுதான். கட்டணத்தை ஒருவர் கட்டிவிட்டால் ஒரு பிள்ளை படித்துவிடும் என்ற எண்ணம் தவறு என்பதை அந்த வாங்குகளே காட்டுகின்றன. பள்ளிக்குள் வந்த பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். உதவி பெற்ற பிள்ளை என்று வகுப்பில் சுட்டிக்காட்டப்படும் பிள்ளையும் ஒருவகையில் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைதான்.

1945 ஒக்ரோபர் முதலாம் திகதி

இந்த நீண்ட கதையில் மிகப் பெரிய கொடையாளர் யார் என்று கேட்டால், நாட்டின் பொதுத் திறைசேரி என்றே சொல்ல வேண்டும். 1931 இல் ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குள்ள தாய் தகப்பனின் பிள்ளையைப் படிப்பிக்காமல் விட முடியாது என்ற நிலை உருவானது. கல்விக்குப் பொறுப்பாக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943 இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்ரோபர் முதலாம் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஊர்ப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வழியாக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கும் வாய்ப்பைப் பெற்றது. அதுவரை தயவாகக் கிடைத்தது அன்று முதல் உரிமையானது. பெயரை மாற்றவோ நன்றிக் கடிதம் எழுதவோ ஒரு பிள்ளையும் தேவைப்படவில்லை.

ஆயினும் அந்த உரிமை எல்லோர் வாசலுக்கும் ஒரே நாளில் வரவில்லை. மலையகத் தோட்டங்களில் பிள்ளைகள் தோட்ட நிருவாகம் நடத்திய சிறு பள்ளிகளிலேயே ஒரு தலைமுறைக்கு மேலாக விடப்பட்டனர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் பெற்றோரை நாடற்றவராக்கியபோது குரல் எழுப்பும் வழியும் அடைபட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பங்கைத் தேயிலைக் கொழுந்தாகக் கிள்ளித் தந்தவர்களின் பிள்ளைகளுக்கே இலவசக் கல்வி இறுதியாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு வந்த அரசுகள் 1980 இல் இலவசப் பாடநூல்களையும், 1993 இல் இலவசச் சீருடைத் துணியையும் கொடுத்தன. 1981 இல் மகாபொல நிதியம் பல்கலைக்கழக மாணவர்க்கெனச் சட்டபூர்வமாக நிறுவப்பட்டது. இவை யாவும் சேர்ந்து, வருமானம் குறைந்த நாடுகளுள் எழுத்தறிவுக்கு உதாரணமாகக் காட்டப்படும் நாடாக இலங்கையை ஆக்கின. இந்த மலரைப் புரட்டும் எம்மிற் பெரும்பாலோர் கன்னங்கராவின் பிள்ளைகளே.

இலவசத்துக்கு அப்பால்

அப்படியானால் எமது நிதி ஏன் இன்னும் தேவைப்படுகிறது? பாடம் இலவசம், பாடசாலைக்கு வந்து சேர்வது இலவசமல்ல என்பதே சுருக்கமான விடை. பஸ் காசு, கொப்பி, சப்பாத்து, காலைச் சாப்பாடு, மாதத்தில் சில நாட்களுக்கு வேண்டிய அணையாடை ஆகியவற்றை எந்தச் சுற்றறிக்கையும் முழுமையாகக் கொடுப்பதில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிப்பவருக்கு ரியூசன் கட்டணம் இன்னொரு பாடசாலைக் கட்டணமாகிவிட்டது. இவற்றில் ஒன்று இல்லாமற் போனாலும் முதலில் வீட்டில் நிற்பது பெண்பிள்ளைதான். தம்பி தங்கையைப் பார்க்க ஆள் தேவைப்பட்டாலும் அவள்தான்.

யுத்த காலம் இதை எமக்குச் சொல்லித் தந்தது. 1990 முதல் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கில் எமது பிள்ளைகள் க.பொ.த. பரீட்சைக்குப் படித்தனர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு வந்தபோது, பாடசாலைகள் தென்மராட்சியில் மரநிழலிலும் கொட்டிலிலும் நடந்தன. எமது சங்கத்தின் ஆரம்பகால அறிக்கைப் புத்தகங்கள் அந்த இடப்பெயர்வில்தான் கைவிட்டுப் போயின. யாருக்கு எவ்வளவு உதவினோம் என்ற பட்டியல் இன்று எம்மிடம் இல்லை. கட்டுரை எழுதுவோர்க்கு இது பெரிய இழப்பு. உதவி பெற்றவர்களுக்கு அது இழப்பல்ல என்பதையும் நினைத்துப் பார்க்கிறோம்.

யுத்தம் எமது மாணவியரை ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் சிதறடித்தது. சிதறியவர்கள் அங்கே கூடிக் கிளைச் சங்கங்கள் அமைத்தனர். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து அனுப்பிய காசில்தான் கொட்டில் வகுப்புகள் கூரை பெற்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகும் 2009 க்குப் பிறகும் வன்னியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்தக் காசே முதற் கொப்பி. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு காகிதத்துக்கே தட்டுப்பட்டு, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைப் பிற்போட வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் உதவி கேட்டு வந்த விண்ணப்பங்கள் முன்னைய எந்த ஆண்டையும் விட அதிகம். பஸ் கட்டணம் ஏறியதும் தூரத்துப் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் வரத் தொடங்கினர். வரவுப் பதிவேட்டைப் பார்த்த வகுப்பாசிரியர்களே முதலில் எம்மிடம் சொன்னார்கள்.

எமது நிதியும் ஒரு விவாதமும்

இனி, இன்று எம்முன் உள்ள கேள்விக்கு வருகிறோம். கொடுப்போர் கூடியிருக்கும் இக்காலத்தில் கேட்போரும் கூடியிருக்கின்றனர். அதோடு கொடுப்போரின் கேள்விகளும் மாறியிருக்கின்றன. பிள்ளையின் படம் வேண்டும், வீட்டின் படம் வேண்டும், பரிசளிப்பு விழா மேடையில் காசோலை கொடுக்கும் வீடியோ வேண்டும், பிள்ளை மாதமொரு கடிதம் எழுத வேண்டும் என்கின்றனர் சிலர். இவர்கள் தீயவர்கள் அல்லர். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். காசு சரியான இடத்துக்குப் போகிறதா என்று அறிய விரும்புகிறார்கள். படம் இல்லாவிட்டால் காசும் வராது என்று பொருளாளர் சொன்னால் அதையும் தட்டிவிட முடியாது. மறுபக்கம், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் வீட்டுத் தகரக் கூரையின் படத்தைத் தன் வகுப்புத் தோழியின் கைத்தொலைபேசியில் பார்க்க நேர்ந்தால் அடுத்த நாள் பாடசாலைக்கு வருவாளா என்பதும் கேள்வி.

பொதுக்கூட்டத்தில் இது நீண்டநேரம் விவாதிக்கப்பட்டது. முடிவில் எமது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். இந்த நிதியில்தான் தானும் படித்ததாகச் சொன்னார். அதே வகுப்பில் படித்தவர்கள் நால்வர் அச்சபையில் இருந்தனர். ஐம்பது ஆண்டுகளாக அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அன்றைய அதிபரும் விடுதிப் பொறுப்பாசிரியரும் தவிர வேறெவரும் அறியாதபடி அது நடந்திருக்கிறது. "தெரிஞ்சிருந்தா நான் நெட்போல் ரீமுக்கு நிண்டிருக்கமாட்டன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் இருந்துவிட்டார். நிதியால் ஒரு பிள்ளை பெறுவது கொப்பியும் சப்பாத்தும் மட்டுமல்ல, மற்றப் பிள்ளைகளைப் போல விளையாடப் போகும் துணிவும்தான் என்பதை வேறெந்த அறிக்கையும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அந்தக் கூட்டத்தின் தீர்மானங்களை இங்கே பதிவுசெய்கிறோம். அடுத்த நூறாண்டுக்கு வருவோர் இவற்றின் காரணத்தையும் அறிய வேண்டும்.

உதவி பெறும் பிள்ளையைத் தெரிவுசெய்வது அதிபரும் வகுப்பாசிரியருமே. கொடையாளர் தெரிவுசெய்வதில்லை. கொடையாளருக்குப் பிள்ளையின் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கமும், ஒவ்வொரு தவணையும் வரவு, பாட முன்னேற்றம், செலவுக் கணக்கு ஆகியனவும் அனுப்பப்படும். கணக்குகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு எல்லா உறுப்பினர்க்கும் சமர்ப்பிக்கப்படும். கணக்குக் காட்டுவது எமது கடமை; முகம் காட்டுவது பிள்ளையின் கடமையல்ல.

ஒரு பிள்ளைக்கு உதவத் தொடங்கினால் அவள் உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை உதவுவோம். அதற்கான முழுத் தொகையும் கையில் இல்லாமல் புதிய பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ஒருவர் கொடுப்பதை நிறுத்தினாலும் பொது நிதி அந்த இடத்தை நிரப்பும். 1837 இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் எமக்குச் சொல்லித் தந்தது இது.

பணம் தாயின் வங்கிக் கணக்குக்குப் போகும். பஸ் பருவச்சீட்டும் சப்பாத்தும் எல்லாப் பிள்ளைகளும் வாங்கும் கடையிலேயே வாங்கப்படும். தனி நிறக் கொப்பியோ, சங்கத்தின் முத்திரை பதித்த பையோ கொடுப்பதில்லை. கொடையாளர் தம் தாயின் அல்லது ஆசிரியையின் நினைவாக நிதிக்குப் பெயர் வைக்கலாம். அந்தப் பெயர் நிதியில் இருக்கும், பிள்ளையின் மேல் ஏறாது.

இத்தீர்மானங்களுக்குப் பிறகு சிலர் விலகினர். அவர்கள் மீது எமக்கு வருத்தமில்லை. வேறு சிலர் புதிதாகச் சேர்ந்தனர். மாதம் ஐந்நூறு ரூபா கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும், வருடத்துக்கொரு முறை பெருந்தொகை அனுப்பும் வெளிநாட்டு உறுப்பினரும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றனர். ஒன்றாகக் கொட்டிய பிறகு யாருடைய பிடி எது என்று நாமும் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிதி ஒருபோதும் அரசின் கடமைக்குப் பதிலாகாது. பஸ் ஓடாத ஊருக்கு நாம் பஸ் விட முடியாது. கணித ஆசிரியர் இல்லாத வன்னிப் பாடசாலைக்கு நாம் நியமனம் வழங்க முடியாது. அவற்றைக் கேட்பதற்கும் பழைய மாணவியர் சங்கங்களுக்குக் குரல் இருக்கிறது. 1945 இல் உரிமையானது மறுபடியும் தயவாகச் சுருங்காமல் பார்த்துக்கொள்வது உதவி கொடுப்பதைப் போலவே எமது வேலை.

இந்த மலரில் எமது முன்னைய அதிபர்கள், தலைவர்கள், கொடையாளர்கள் பலரின் படங்கள் இடம்பெற்றுள்ளன. நிதியால் படித்தவர்களின் படங்களும் அவற்றுக்கிடையே இருக்கக்கூடும். வைத்தியராகவோ ஆசிரியராகவோ, பேரப்பிள்ளையைக் கையில் பிடித்த அம்மம்மாவாகவோ. யார் என்று நாம் குறித்துக் காட்டவில்லை. சொல்ல விரும்பும் நாளில் அவர்களே சொல்வார்கள், தங்கள் சொந்தப் பெயரில்.